கால் கழுவிவிட வந்தவள்

ஈஸ்வரி செத்து நாற்பத்திரண்டாம் நாள், காலை பதினோரு மணி வாக்கில், எட்டயபுரம் தாண்டி விளாத்திகுளம் போகிற சாலையோரத்தில், ஒரு உடைமரத்துக்குப் பின்னாலிருந்து தன் பிள்ளைக்குக் கால் கழுவிவிட வந்தாள். கையில் பச்சை பிளாஸ்டிக் கப்பு, அதில் தளும்பத் தளும்பத் தண்ணீர். சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கி இடுப்பில் செருகியிருந்தாள். அடுப்பில் எதையோ வைத்துவிட்டு எழுந்து வந்தவளைப் போல முகத்தில் ஒரு அவசரம். காருக்குப் பக்கத்தில் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற செண்பகராஜ் அவளைப் பார்த்துப் பயப்படவில்லை, அழவும் இல்லை. கடைக்குப் போய்த் திரும்பியவளைக் கேட்பதுபோல, "வந்துட்டியா" என்று மட்டும் கேட்டான்.

"கதவத் தொறந்து வைங்க. முன் கதவு, பின் கதவு ரெண்டையும். ரோட்டுல போறவுக கண்ணுக்கு மறைவா இருக்கும்" என்றாள்.

அவன் திறந்து வைத்தான். இரண்டு கதவுக்கும் நடுவில் பிள்ளையைக் குத்தவைத்து, தானும் எதிரே குந்தி, உதட்டைக் குவித்து 'உஸ்ஸ்ஸ்' என்று அவள் மெல்லச் சத்தம் கொடுத்தாள். அதுவரை முரண்டு பிடித்துக்கொண்டிருந்த பிள்ளை அம்மாவின் முகத்தைப் பார்த்தபடியே ஒண்ணுக்குப் போனது. அவள் கழுவிவிட்டாள், முந்தானையால் துடைத்தாள், ஜட்டியை மாட்டிவிட்டாள். பிள்ளை இரண்டு காலில் நேராக நின்றபோது அங்கே அவள் இல்லை. கரிசல் மண்ணில் ஈரம் மட்டும் இருந்தது. அதுவும் வெயிலுக்குக் கண்முன்னாலேயே உலர்ந்தது.

செண்பகராஜ் கோவில்பட்டிக்காரன், ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர் பார்ப்பவன். சுற்றுவட்டாரத்தில் தாலுகா ஆபீஸ் வாசலிலும் பள்ளிக்கூட வாசலிலும் இருக்கிற கடைகளில் மெஷின் மக்கர் செய்தால் அவனுக்குத்தான் போன் வரும்; டோனர் டப்பாக்களையும் ஸ்க்ரூடிரைவர் பையையும் பழைய வெள்ளை மாருதி காரில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவான். ஈஸ்வரிக்கு வந்தது நாலு நாள் காய்ச்சல். நாலாம் நாள் மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஆம்புலன்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே, இந்த ஊரிலும் இல்லாமல் அந்த ஊரிலும் இல்லாமல், உயிர் போய்விட்டது. அவர்களுடைய ஒரே பிள்ளை சஷ்டிகாவுக்கு அப்போது இரண்டு வயது மூன்று மாதம். காய்ச்சல் வருவதற்குப் பத்து நாளுக்கு முன்னால்தான் ஈஸ்வரி டயப்பரை நிறுத்திவிட்டு, பிள்ளையைப் பழக்க ஆரம்பித்திருந்தாள். பிள்ளை 'உச்சா' என்று சொல்லக் கற்றுக்கொண்டிருந்தது. சொல்லிவிட்டுப் போவதா, போய்விட்டுச் சொல்வதா என்பதுதான் அதற்கு இன்னும் பிடிபடவில்லை. அந்தப் பாதியில் அவள் போய்விட்டாள்.

செண்பகராஜின் அக்கா லீலா ஒரு மாதம் பிள்ளையை வைத்துப் பார்த்தாள். திரும்பவும் டயப்பர் மாட்டியதில் பிள்ளையின் தொடையெல்லாம் சிவந்து புண்ணாகிப்போனது. முட்டுவலிக்காரி, குனிந்து நிமிர முடியாது, அவளைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. செண்பகராஜ் பிள்ளையைத் தூக்கி வந்துவிட்டான். பின்சீட்டில் ரப்பர் ஷீட்டை விரித்து, அதன்மேல் பழைய துண்டை மடித்துப் போட்டு, ஆறு ஜட்டியையும் இரண்டு லிட்டர் பாட்டிலில் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு, பிள்ளையோடு வேலைக்குக் கிளம்பினான். முதல் நாளே எட்டயபுரத்துக்குள் இரண்டு ஜட்டி நனைந்தது. மூன்றாவது தரம் பிள்ளை முன்கூட்டியே சொல்லிவிட்டது. அவனும் வண்டியை ஓரங்கட்டி, உடைமரத்துப் பக்கம் இறக்கிவிட்டான். பிள்ளை நின்றது, நெளிந்தது, அழுதது, போகவில்லை. அது ஒரு சத்தத்துக்காகக் காத்திருந்தது. அப்படி ஒரு சத்தம் உண்டு என்பதே அவனுக்குத் தெரியாது. பிள்ளையைப் பழக்கிய அந்தப் பத்து நாளில் ஒரு நாள்கூட அவன் அந்த நேரத்தில் குளியலறைப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

அன்றைக்குத் திரும்பி வரும்போதும் பிள்ளை 'உச்சா' என்றது, அவன் நிறுத்தினான், அவள் வந்தாள். இரண்டு நாள் கழித்துக் கழுகுமலை ரோட்டில் வந்தாள். அதற்கடுத்த வாரம் தூத்துக்குடி ரோட்டில் உப்பளத்துக் காற்று அடிக்கிற இடத்தில் வந்தாள். ஒரு பெட்ரோல் பங்கின் கக்கூஸ் வாசலில்கூட வந்து, உள்ளே எட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்து, "இங்க வேண்டாம், பிள்ள வழுக்கி விழுந்துரும்" என்று வேலியோரமாகக் கூட்டிக்கொண்டு போனாள். வீட்டில் மட்டும் வரவில்லை. அவன் குளியலறைக் கதவை அகலத் திறந்து வைத்து, பிள்ளையை உட்காரவைத்து, சுவரைப் பார்த்துக்கொண்டே காத்திருந்து பார்த்தான். குழாய் சொட்டியதே தவிர யாரும் வரவில்லை. ஊருக்குள் எந்தத் தெருவிலும் வரவில்லை. ரோடு, திறந்த வெளி, ஓடி நின்ற வண்டி, அவசரமாய் உச்சா வந்த பிள்ளை, இத்தனையும் கூடினால்தான் வந்தாள்.

ஒரு சின்னப் பிள்ளை குத்தவைத்து, எழுந்து, கால் கழுவி, ஜட்டி போடுகிற நேரம்தான் அவளுக்கு உண்டான நேரம். செண்பகராஜ் வண்டி ஓட்டும்போதெல்லாம் அந்த நேரத்துக்குள் என்ன பேசுவதென்று யோசித்துக்கொண்டே வருவான். வலித்ததா என்று கேட்க வேண்டும். எங்கே இருக்கிறாய் என்று கேட்க வேண்டும். காய்ச்சலின் மூன்றாம் நாள், உடம்பு ஒரு மாதிரி இருக்குங்க என்று நீ சொன்னபோது, மெஷின் அவசரம் என்று சொல்லிவிட்டு நாசரேத்துக்குப் போனேனே, அதைச் சொல்ல வேண்டும். அவள் வந்து நின்றதும் வாயில் வருவது வேறாக இருக்கும்.

"பிள்ள சோறே திங்க மாட்டேங்குது ஈஸ்வரி."

"பருப்ப மசிச்சு, நெய் விட்டு, கையில உருட்டிக் குடுங்க. தட்டுல வச்சா திங்காது."

"ரேஷன் கார்டு எங்க வச்ச?"

"பீரோவுல, கல்யாணச் சேலைக்கு அடியில."

"தலைவார உக்கார மாட்டேங்கா."

"எண்ணெயத் தடவிட்டு அஞ்சு நிமிசம் கழிச்சு வாருங்க."

அதற்குள் பிள்ளை நேராக நின்றுவிடும். நாசரேத்துக்குப் போன கதை சொல்லாமலே போய்விடும்.

ரோட்டுக்காரர்களில் அவளை முதலில் பார்த்தது அந்தோணியம்மாள். எட்டயபுரத்துக்குக் கிழக்கே கிளை ரோடு பிரிகிற ஒரு விலக்கில் பதினைந்து வருஷமாகத் தனியாக டீக்கடை போட்டிருப்பவள். பக்கத்திலேயே இளநீரும் குவித்து வைத்திருப்பாள். கூப்பிடு தூரத்துக்கு ஒரு வீடு கிடையாத பொட்டலில் ஒரு பெண்பிள்ளை கப்பும் தண்ணீருமாக எங்கிருந்து வருகிறாள் என்று மூன்று நாள் பார்த்தாள். நாலாம் நாள் செண்பகராஜிடமே கேட்டுவிட்டாள்.

"என் வீட்டுக்காரிதான் அக்கா. ஐப்பசியில செத்துப்போனா" என்றான் அவன்.

"அதான பாத்தேன்" என்றாள் அந்தோணியம்மாள். "ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போகச் சொல்லக் கூடாதா?"

அடுத்த தடவை அவளே ஒரு டம்ளரில் டீயோடு போய் நின்றாள். ஈஸ்வரி சிரித்தாள், கை ஓயவில்லை, டீ ஆறிப்போனது. அதிலிருந்து அந்தோணியம்மாள் டீ கொண்டுபோவதை விட்டுவிட்டு, மார்கழிக் குளிர் முடிகிறவரை, கொதிக்கிற வெந்நீரில் ஒரு கரண்டி எடுத்து ஓடிவந்து அந்தப் பச்சைக் கப்பில் விளாவிவிட்டுப் போனாள். பிள்ளைக்குக் குளிரக் கூடாதில்லையா.

அப்புறம் எல்லோருக்கும் தெரிந்தது. காலையில் விளாத்திகுளம் போகிற தனியார் பஸ் அந்த வெள்ளைக் காரைக் கண்டால் வேகத்தைக் குறைக்கும், கண்டக்டர் உள்ளே திரும்பி, "ஆம்பளைக எல்லாம் அந்தப் பக்கம் பாருங்கய்யா, பிள்ளைக்குக் கால் கழுவுதாக" என்று சத்தம் கொடுப்பார், ஆண்கள் எல்லோரும் ஒரே மாதிரி கழுத்தைத் திருப்பி மறுபக்கத்துக் காற்றாலைகளைப் பார்ப்பார்கள். காற்றாலைக் காவல்காரர்கள் நிழல் உள்ள மரத்தடிகளில் முள்ளை வெட்டி ஒதுக்கித் தரையைக் கூட்டிவைத்தார்கள். தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்க வேனில் போகிற பெண்கள் அவளுக்குத் தண்ணீர் எங்கிருந்து கிடைக்கிறது என்று தங்களுக்குள் கவலைப்பட்டு, மரத்துக்கு ஒரு மண்பானை வைத்து, தட்டால் மூடி, நாள் தவறாமல் நிரப்பினார்கள். அந்தப் பானைகளிலிருந்து அவள் எடுத்தாளா என்று யாரும் பார்த்ததில்லை. ஆனால் சாயங்காலம் பார்த்தால் நாலு விரற்கடை குறைந்திருக்கும். பஞ்சாயத்தில் வேலைபார்க்கிற ஒருவர் பெயிண்ட் டப்பாவோடு வந்து, வசதியான மரங்களில் எல்லாம் வெள்ளை வளையம் அடித்து, 'இங்கே நிறுத்தலாம்' என்று எழுதிவிட்டுப் போனார். பக்கத்து ஊர் கோயில் பூசாரியும் சர்ச் உபதேசியாரும் டீக்கடையில் சந்தித்து இதைப் பற்றி இரண்டு டீ குடிக்கிற நேரம் பேசினார்கள். பிள்ளைக்குக் கால் கழுவுகிற ஒரு பொம்பளையை நிறுத்துவதற்கு இரண்டு பேரிடமும் மந்திரம் இல்லை, ஜெபமும் இல்லை என்று முடிவானது.

ஏன் வருகிறாள் என்று பலரும் பலதும் சொன்னார்கள். ஓடுகிற வண்டியில் போன உயிர், இறங்க ஊர் தெரியாமல் ரோட்டிலேயே நின்றுவிட்டது என்றார்கள் சிலர். தொட்ட வேலையைப் பாதியில் விடுகிறவள் இல்லை அவள் என்றாள் லீலா. தம்பி சொன்னதை நம்பாமல் ஒரு நாள் காரில் ஏறி வந்து, வழியில் ஈஸ்வரியை நேருக்கு நேர் பார்த்ததும், "பச்சப்பிள்ளைய விட்டுட்டுப் போயிட்டியேடி பாவி" என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கி ஒப்பாரி வைத்தவள் அவள். ஈஸ்வரி அந்தப் பிடியிலிருந்து விலகாமலே பிள்ளையின் தொடையைப் பார்த்து, "இந்த எடத்துல சோப்பு போடாதீக மதினி, இன்னும் ஆறல" என்றாள்.

பிறகு, வீட்டில் சாவு கண்டவர்கள் வர ஆரம்பித்தார்கள். மரத்தடியில் காத்திருந்து, அவள் குந்துகிற நேரம் பார்த்துக் கிட்டே போய், எங்க வீட்டுக்காரரைப் பார்த்தியாம்மா, கிணற்றில் விழுந்த என் மகனைப் பார்த்தியா, ஒரு சேதி சொல்ல வேண்டும் என்று கேட்டார்கள். அவள் எல்லோருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னாள்.

"நான் யாரையும் பாக்கல அக்கா. பிள்ளைக்கு உச்சா வந்தா எனக்கு முழிப்பு வருது. மத்த நேரம் ஒண்ணும் தெரியல."

கேட்டவர்கள் அழுதார்கள், ஆனால் கோபப்படவில்லை. ஒரு வாரத்தில் கேட்பதையே நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பதிலாக, தங்கள் வீட்டில் பழகாத பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் செய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "அதட்டாதீக, நனைச்சா நனைச்சிட்டுப் போகுது, வண்டியேறுமுன்ன ஒரு தரம் உக்கார வைங்க, வரலன்னாலும் உக்கார வைங்க" என்று அவள் கைவேலையோடு சொல்வாள். அந்த வருஷம் அந்த ரோட்டோரத்து ஊர்களில் பிள்ளைகள் எல்லாம் சீக்கிரமாகவே பழகிக்கொண்டன.

சஷ்டிகாவும் பழகிக்கொண்டாள்.

தை மாதத்தில் அது செண்பகராஜுக்கு உறைத்தது. விளாத்திகுளம் போய்வர முதலில் ஐந்து தடவை நிறுத்துவான். அது நாலானது, மூன்றானது. துண்டு நனைவது நின்றது, ரப்பர் ஷீட்டை எடுத்துவிடலாம் என்றாகிவிட்டது. "பிள்ளைக்கு அடக்க வந்துட்டு, கெட்டிக்காரி" என்று ஈஸ்வரி சந்தோஷமாகச் சொன்ன அன்றைக்கு அவன் கணக்குப் போட்டுப் பார்த்தான். பிள்ளை வளர வளர இவள் குறைந்துகொண்டே போகிறாள். ஒரு நாள் கோவில்பட்டியில் ஏறிய பிள்ளை விளாத்திகுளத்தில் இறங்குகிறவரை ஒன்றும் சொல்லாமல் வரும், அன்றைக்கு வெள்ளை வளையம் போட்ட மரங்கள் எல்லாம் வெறும் மரங்களாக ஜன்னலில் ஓடும்.

அதிலிருந்து அவன் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்க ஆரம்பித்தான். கிளம்பும்போது ஒரு டம்ளர், பத்து மைல் தாண்டினால் இளநீர், அதற்கப்புறம் ஆரஞ்சு ஜூஸ், மாசி பிறந்ததும் தர்ப்பூசணி. வேலை இல்லாத நாளிலும் வண்டியை எடுத்தான். ஞாயிற்றுக்கிழமை தூத்துக்குடி கடற்கரை, திங்கள்கிழமை மணியாச்சி ரயிலடியில் சும்மா ரயில் பார்க்க, செவ்வாய்க்கிழமை எங்கே என்று அவனுக்கே தெரியாது, போனான். பள்ளமும் மேடுமான ரோடாகத் தேர்ந்தெடுத்துப் போனான், குலுங்கினால் சீக்கிரம் வருமே என்று. கடைக்காரர்கள் போன் செய்து சலித்து, வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். பிள்ளையின் வயிறு தவலைபோல விறைத்திருந்தது. நன்றாகப் பழகியிருந்த பிள்ளை மறுபடி தூக்கத்தில் பாயை நனைக்க ஆரம்பித்தது. எழுந்து உட்கார்ந்து ஈரத்தைத் தொட்டுப் பார்த்து, தப்பு செய்துவிட்டதாக நினைத்து, சத்தமில்லாமல் உதட்டைப் பிதுக்கி அழுதது. அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். மறுநாளும் இளநீர் வாங்கினான்.

பங்குனியில் ஒரு மத்தியானம் அந்தோணியம்மாள் அரிவாளைக் கீழே வைத்துவிட்டாள்.

"இன்னிக்கு மூணாவது இளநி இது. பிள்ளைக்கா வாங்குதீக, உங்களுக்கா?"

"வெயிலா இருக்கேன்னுதான் அக்கா..."

"வெயிலு எல்லாருக்குந்தான் அடிக்கி. அந்தப் பிள்ள வயித்தப் பாரும். உம்ம பொண்டாட்டிய எனக்கும் பாக்கணும். அவ வராத அன்னிக்கி எனக்கும் கடைய அடைச்சிட்டுப் போயிரலாமான்னு இருக்கு. அதுக்காக ஒரு பிள்ளையக் குடமாக்கி ஊத்திக்கிட்டே இருப்பீரா?"

அவன் வண்டியை எடுத்தான். ஒரு மைல் போய், ஒரு வெள்ளை வளைய மரத்தடியில் நிறுத்தி, பிள்ளையை இறக்கினான்.

"வரலப்பா" என்றது பிள்ளை.

"வரும். உக்காரு."

"வரல."

"அப்பாக்காக உக்காரு சஷ்டி."

பிள்ளை அவன் முகத்தைப் பார்த்தது. அப்பாவுக்கு ஏதோ வேண்டும் என்று மட்டும் அதற்குப் புரிந்தது. கதவுகளுக்கு நடுவில் போய்க் குத்தவைத்து, கண்ணை இறுக்க மூடி, கைகளை முட்டியில் ஊன்றி முக்கியது. ஒரு சொட்டு வந்தது. அந்த ஒரு சொட்டுக்கு ஈஸ்வரி வந்தாள்.

வந்தவள் குந்தவில்லை. கப்பை இடுப்பில் வைத்துக்கொண்டு பிள்ளையைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள்.

"வராத பிள்ளைய எதுக்குக் குத்தவைக்கீக?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"எத்தன நாளா?"

"தையிலருந்து."

"எனக்கு மட்டும் போகணும்னு ஆசையா?" என்றாள் ஈஸ்வரி. குரலை உயர்த்தவில்லை, பிள்ளை பக்கத்தில் இருந்தது. "இவ மூஞ்சியப் பாக்கத்தான நானும் எந்திரிச்சு ஓடிவாரேன். ஆனா இவ நாளைக்குப் பள்ளிக்கூடம் போகணும்ல. டீச்சர்கிட்ட சொல்லி, தானா போயி, தானா கழுவி, தானா ஜட்டிய மாட்டிட்டு வரணும்ல. அங்க நான் வர முடியாது. உங்களாலயும் வர முடியாது. அதுக்குத்தானங்க இதெல்லாம்."

"அப்புறம் நீ?"

அவள் கப்பைக் கீழே வைத்தாள். பிள்ளையைத் தூக்கி நிறுத்தி, ஜட்டியை இழுத்துவிட்டு, வயிற்றில் கையை வைத்துத் தடவினாள். "வலிக்காடா?" என்று பிள்ளையைக் கேட்டாள். பிள்ளை ஆமாம் என்று தலையாட்டியது. பிள்ளை நேராக நின்றுவிட்டதால் அவள் கை வயிற்றின் மேல் இருக்கும்போதே இல்லாமல் போனது.

காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. செண்பகராஜ் பிள்ளையைத் தூக்கி முன்சீட்டில் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, வேறெங்கும் சுற்றாமல் நேரே வீட்டுக்குப் போனான்.

மறுநாளிலிருந்து அவன் பழக்கினான். வீட்டுக் குளியலறையில் பிள்ளைக்கு எட்டுகிற உயரத்தில் ஆணி அடித்து ஒரு சின்னத் துண்டு தொங்கவிட்டான். தண்ணீரை எப்படிப் பின்பக்கமாகச் சாய்க்க வேண்டும், இடது கையை எப்படிக் கொண்டுபோக வேண்டும், ஜட்டியில் பூப்படம் எந்தப் பக்கம் இருந்தால் அது முன்பக்கம் என்று, பொறுமையாக, மெஷினைப் பிரித்துப் பிரித்துக் கற்றுக்கொண்டவனாகையால் பிரித்துப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தான். ஒவ்வொன்றைச் சொல்லிக்கொடுக்கும்போதும் தன் பொண்டாட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பிக்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்தேதான் செய்தான். கடைக்காரர்களைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டு வேலைக்குத் திரும்பினான். சித்திரை முழுதும் ஈஸ்வரி வந்தது ஆறு தடவை. ஒவ்வொரு தடவையும் பிள்ளை புதிதாக ஒன்றைச் செய்துகாட்டியது. அவள் கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்தாள். புருஷனைப் பார்த்து, பரவாயில்லையே என்பதுபோல ஒரு புருவத்தைத் தூக்கினாள். அந்தப் புருவத்துக்காக அவன் வாரம் முழுக்க உழைத்தான்.

வைகாசியில், பள்ளிக்கூடம் திறக்கப் பத்து நாள் இருக்கும்போது, விளாத்திகுளத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். முன்சீட்டிலிருந்து சஷ்டிகா தெளிவாகச் சொன்னாள்: "அப்பா, எனக்கு ஒண்ணுக்கு வருது. ஓரமா நிப்பாட்டு."

உச்சா என்று சொல்லவில்லை. அவன் நிறுத்தினான். அவளே கதவைத் திறந்து, அவளே இறங்கி, அவளே மரத்தடிக்குப் போனாள். ஈஸ்வரி வந்து எதிரே குந்தினாள். போய் முடித்ததும் பிள்ளை எழாமலே கையை நீட்டி அம்மாவின் கையிலிருந்து கப்பை வாங்கிக்கொண்டது.

"நானே கழுவுதேன்" என்றது.

ஈஸ்வரி வெறுங்கையோடு எழுந்து வந்து புருஷனுக்குப் பக்கத்தில் நின்றாள். பிள்ளை கழுவியது. பாதித் தண்ணீர் காலிலும் பாவாடையிலும் போனது. கப்பைக் கீழே வைத்து, பாவாடையைப் பிழிந்து, மறுபடி கப்பை எடுத்து, மிச்சத்தை ஊற்றி, ஜட்டியை எடுத்துப் பூப்படத்தைத் தேடியது. இரண்டு காலையும் ஒரே ஓட்டைக்குள் விட்டது, தடுக்கி உட்கார்ந்தது, கழற்றியது, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. அதுவரை அவர்களுக்குக் கிடைத்த நேரத்திலெல்லாம் பெரிய நேரம் அதுதான். செண்பகராஜுக்கு உதவப் போக வேண்டும் என்று தோன்றவில்லை. அவளும் போகவில்லை.

"அந்த மூணாம் நாளு" என்றான். "நீ ஒடம்பு ஒரு மாதிரி இருக்குன்னு சொன்ன. நான் நாசரேத்துக்குப் போயிட்டேன்."

"ம்."

"அன்னிக்கே கூட்டிட்டுப் போயிருந்தா..."

"நானும் போயிட்டு வாங்கன்னுதான சொன்னேன்" என்றாள். "காய்ச்சல்தானன்னு நானும் நெனச்சேன். ரெண்டு பேரும்தான் நெனச்சோம்."

"வலிச்சுதா ஈஸ்வரி?"

"தாகமா இருந்துச்சு. வேற ஒண்ணும் ஞாபகம் இல்ல."

அவன் அழுதான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீரில் ஊறி விரல் நுனியெல்லாம் சுருங்கிப்போன கை. பிள்ளை இப்போது ஒரு காலைச் சரியான ஓட்டைக்குள் விட்டிருந்தது. மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று, இன்னொரு காலைத் தூக்கி, ஆடி, விழப்போய், விழாமல் உள்ளே விட்டது. இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். மெதுவாடா, மெதுவா, என்று அவன் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தான். பிள்ளை ஜட்டியை இடுப்புவரை இழுத்துவிட்டு, பாவாடையைத் தட்டிவிட்டு, நிமிர்ந்தது.

"போட்டுட்டேன்!"

அவன் கை காற்றில் இருந்தது.

அதற்குப் பிறகு அவள் வரவில்லை. பத்து நாள், பதினைந்து நாள் என்று பார்த்துவிட்டு, ரோட்டுக்காரர்களுக்கும் அது புரிந்தது. அவள் செத்தபோது அவளை யாரென்றே தெரியாதவர்கள் அவர்கள். செத்த பிறகு பழகியவர்கள். எங்கள் வீட்டுச் சாவுக்கு நாங்கள் அழ வேண்டாமா என்று தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள்தான் முதலில் கேட்டார்கள். ஆனி மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை அந்தோணியம்மாள் பதினைந்து வருஷத்தில் முதல் தடவையாக அடுப்புப் பற்றவைக்காமல் விட்டாள். விலக்கில் ஷாமியானா போட்டார்கள். பஸ் நின்று, கண்டக்டரும் டிரைவரும் பிரயாணிகளும் இறங்கி, கால்மணி நேரம் தலையில் துண்டில்லாமல் நின்றுவிட்டுப் போனார்கள். காற்றாலைக் காவல்காரர்கள் வந்தார்கள், பூசாரி வந்தார், உபதேசியார் வந்தார். பெண்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு, கிணற்றில் விழுந்த மகனுக்கும் போய்விட்ட புருஷனுக்கும் சேர்த்து ஈஸ்வரிக்காக அழுதார்கள். லீலா எல்லோருக்கும் சோறு போட்டாள். அந்தோணியம்மாள் ஒரு புதுத்துண்டை செண்பகராஜின் தோளில் போட்டு, அவன் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

சாயங்காலம் அவனும் பிள்ளையும் வீட்டுக்குத் திரும்பினார்கள். சஷ்டிகா முன்சீட்டில் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, கடந்து போகிற மரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். எட்டயபுரம் நெருங்கும்போது கேட்டாள்.

"அந்த ஆச்சியெல்லாம் ஏன் அழுதாங்க?"

"அம்மாவுக்காக அழுதாங்க."

"அம்மா எப்ப வருவாங்க?"

அம்மா ரோட்டில் வர ஆரம்பித்த பிறகு அவள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்க வேண்டிய தேவை அவளுக்கு இருக்கவில்லை. அவன் வண்டியை ஓரங்கட்டினான். இன்ஜினை அணைத்தான்.

"வர மாட்டாங்க சஷ்டி."

"ஏன்?"

"அம்மா செத்துப்போயிட்டாங்க."

பிள்ளை அதை யோசித்தது. செத்துப்போவது என்றால் என்னவென்று அதற்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவு யோசித்தது.

"எப்ப?"

செண்பகராஜ் வாயைத் திறந்தான். ஐப்பசி என்று சொல்ல வந்தான். சர்ட்டிபிகேட்டில் இருக்கிற தேதி, கிழமை, நேரம் எல்லாம் அவனுக்கு மனப்பாடம். பிள்ளை அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் கண்ணில் இப்போதுதான், மெல்ல, தண்ணீர் ஏற ஆரம்பித்திருந்தது.

"இப்பத்தாம்மா" என்றான். "இப்பத்தான்."

பிள்ளை கியரைத் தாண்டி அவன் மடிக்கு ஏறி வந்தது.